சமாரியாவில் யாரை வணங்கினார்கள்?

ஓசியா தீர்க்கதரிசி "சமாரியாவின் கன்றுக்குட்டி" என்று ஒன்றைப் பழித்துப் பேசுகிறாரே, அப்படியொரு சிலை அந்தத் தலைநகரில் உண்மையிலேயே இருந்ததா, அல்லது சமாரியாவைத் தலைநகராகக் கொண்டிருந்து வீழ்ந்துபோன வட இஸ்ரவேல் நாட்டின் மேல், தெற்கே இருந்த யூதா நாட்டின் எருசலேம்காரர்கள் பிற்காலத்தில் ஏற்றிவைத்த பழியா, மண்ணைத் தோண்டியவர்களுக்கு ஏதாவது கிடைத்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி ஒரு சிலையைப் பற்றியது போலத் தோன்றினாலும், அதற்குள் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது. சமாரியாவின் மக்கள் தங்கள் தெய்வமான யாவேயை விட்டுவிட்டு வேறு தெய்வங்களிடம் போனார்களா, அல்லது யாவேயையே நமக்குப் பழக்கமில்லாத ஒரு முறையில் வணங்கினார்களா என்பதுதான் அது. இந்த இரண்டாவது கேள்விக்கு விடை சொல்லாமல் முதல் கேள்விக்குச் சரியான விடை சொல்ல முடியாது. பழைய ஏற்பாட்டு எபிரேயத்தையும் அக்காலக் கல்வெட்டுகளையும் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கற்பித்து வருகிறேன். அந்தப் பயிற்சியைக் கொண்டு, எது உறுதி, எது ஊகம் என்று பிரித்துச் சொல்ல முயல்கிறேன்.

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். சமாரியாவில் பாகால் என்ற அயல் தெய்வத்துக்கு ஒரு கோயில் இருந்தது என்பதை ஐயுறக் காரணமில்லை. ஆனால் அது அரண்மனையைச் சார்ந்து எழுந்து, ஒரு தலைமுறைக் காலத்துக்குள் அழிக்கப்பட்ட கோயில். கன்றுக்குட்டி பெரும்பாலும் சமாரியா நகருக்குள் இருக்கவில்லை, வடநாட்டின் பழைய வழிபாட்டு நகரமான பெத்தேலில் இருந்தது. சமாரியாவில் நீண்ட காலம் நடந்த வழிபாடு யாவேயின் வழிபாடுதான். அந்த யாவே எருசலேமில் பின்னாளில் வகுக்கப்பட்ட விதிகளுக்கு உட்பட்டவராக இல்லை. இவற்றுள் முதல் கூற்றுக்கு இலக்கியச் சான்று மட்டுமே உண்டு. மூன்றாவதற்கு இலக்கியத்துக்கு வெளியேயும் வலுவான சான்று உண்டு. கன்றுக்குட்டி எங்கே நின்றது என்பதில் மட்டும் கருத்து வேறுபாட்டுக்கு இடம் இருக்கிறது.

நகரம் பிறந்த கதையிலிருந்து தொடங்க வேண்டும், ஏனென்றால் அதன் சமயத்துக்கும் அதன் பிறப்புக்கும் தொடர்பு இருக்கிறது. வட இஸ்ரவேலின் அரசர்கள் முதலில் சீகேமிலும் பின்பு திர்சாவிலும் இருந்து ஆண்டார்கள். கி.மு. ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உம்ரி என்ற படைத்தலைவன் அரசைக் கைப்பற்றி, சேமேர் என்பவனிடமிருந்து ஒரு மலையை 2 தாலந்து வெள்ளிக்கு வாங்கி, அதன்மேல் நகரம் கட்டி, பழைய உரிமையாளனின் பெயரையே அதற்கு இட்டான் என்று 1 இராஜாக்கள் 16-ஆம் அதிகாரம் சொல்கிறது. எபிரேயத்தில் அது ஷோம்ரோன். கிரேக்கத்தின் வழியாக நமக்குச் சமாரியா ஆயிற்று. இன்றைய நாப்லுசுக்கு வடமேற்கே செபஸ்தியா என்ற சிற்றூரை ஒட்டி அந்த மலை நிற்கிறது. நகரத்துக்கு முந்தைய காலத்தில் அங்கே பாறையில் வெட்டிய குழிகளும் தொட்டிகளும் இருந்தன. அவை திராட்சை ரசமும் எண்ணெயும் எடுத்த ஒரு குடும்பத்தின் ஆலைகளாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது. பெத்தேலுக்கு யாக்கோபின் கனவு உண்டு, சீகேமுக்கு ஆபிரகாமின் பலிபீடம் உண்டு, தாணுக்கும் பழைய வழிபாட்டு நினைவுகள் உண்டு. சமாரியாவுக்கு அப்படி எதுவும் இல்லை. அது விலைக்கு வாங்கிய நிலம், அரசனின் சொந்தச் சொத்து. ஆகவே அங்கே எந்தத் தெய்வத்துக்கு எந்த இடம் என்பதை அரண்மனையே தீர்மானித்தது. பின்னால் வரும் செய்திகளை எல்லாம் நான் இந்த வெளிச்சத்தில்தான் வாசிக்கிறேன்.

உம்ரியின் மகன் ஆகாப், சீதோனியரின் அரசன் ஏத்பாகாலின் மகளான யேசபேலை மணந்தான். சமாரியாவில் பாகாலுக்கு ஒரு கோயில் கட்டி அதற்குள் பலிபீடம் வைத்தான். கடற்கரை வணிக நகரங்களோடு உறவு வைத்த ஒரு அரசன், அங்கிருந்து வந்த அரசிக்கும் அவளுடைய பரிவாரத்துக்கும் அவர்கள் தெய்வத்துக்கு ஒரு கோயில் எழுப்பித் தந்தான் என்பது அக்காலத்தில் இயல்பானது; சாலொமோன் தன் அயல்நாட்டு மனைவியருக்கு எருசலேமுக்கு எதிரே செய்ததாக அதே நூல் சொல்வதும் இதுவே. ஆனால் ஆகாப் தன் மகன்களுக்கு இட்ட பெயர்களைப் பாருங்கள். அகசியா, யோராம் ஆகிய இரண்டிலும் யாவேயின் பெயர் பொதிந்திருக்கிறது. அவனுடைய அரண்மனை விசாரிப்புக்காரனின் பெயர் ஒபதியா, "யாவேயின் ஊழியன்". போருக்குப் போகலாமா என்று சமாரியாவின் வாசலில் உள்ள களத்தில் அமர்ந்து அவன் குறி கேட்டபோது, யாவேயின் பெயரால் வாக்குச் சொல்ல 400 பேர் வந்து நின்றார்கள். பாகால் யாவேயின் இடத்தைப் பிடித்துக்கொண்டார் என்ற சித்திரம் இந்த விவரங்களோடு பொருந்தவில்லை. யாவேயின் பக்கத்திலேயே பாகாலுக்கும் அரச மரியாதை கிடைத்தது என்பதுதான் பொருந்துகிறது. எலியா தீர்க்கதரிசிக்குப் பொறுக்க முடியாமல் போனதும் அதுவே; இரண்டு பக்கமும் நொண்டி நொண்டி நடப்பதைத்தான் அவர் கண்டித்தார்.

அந்தக் கோயிலின் முடிவை 2 இராஜாக்கள் 10-ஆம் அதிகாரம் மிக விரிவாக வருணிக்கிறது. அதை மேம்போக்காகக் கடந்து போகக் கூடாது. அரசைக் கவிழ்த்த யெகூ, தான் ஆகாபைவிட அதிகமாகப் பாகாலைச் சேவிக்கப் போவதாகச் சொல்லி, நாடு முழுவதிலும் உள்ள பாகால் பக்தர்களை ஒரு பெரிய பலிக்கு அழைக்கிறான். கோயில் முனைக்கு முனை நிரம்புகிறது. வஸ்திரசாலையை விசாரிப்பவனைக் கூப்பிட்டு, வந்தவர்களுக்கெல்லாம் வழிபாட்டு உடைகளை எடுத்துக் கொடுக்கச் சொல்கிறான். வெளியே 80 ஆட்களை நிறுத்திவிட்டு, பலி முடிந்ததும் உள்ளே இருப்பவர்களை வெட்டச் சொல்கிறான். தூண்களை வெளியே கொண்டுவந்து எரித்து, கோயிலை இடித்து, அந்த இடத்தை மலம் கழிக்கும் இடமாக்கினார்கள் என்று அந்தப் பகுதி முடிகிறது. உடைகளைப் பற்றிய அந்தச் சிறு விவரம் என் கவனத்தை எப்போதும் பிடித்து நிறுத்தும். ஒழுங்கான ஊழியர், சேமிப்பு அறை, சீருடை எல்லாம் கொண்ட, அரண்மனை செலவில் நடந்த ஒரு கோயிலை அது காட்டுகிறது. இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. இஸ்ரவேலில் இருந்த பாகால் பக்தர்களில் ஒருவர்கூட விடுபடாமல் வந்தார்கள் என்று ஆசிரியர் சொல்கிறார்; அவர்கள் அனைவரும் ஒரே கட்டடத்துக்குள் அடங்கிவிட்டார்கள். அது சொல்லணியாகவே இருந்தாலும், இந்தக் குறிப்பிட்ட பாகால் வழிபாட்டை அவரே ஒரு நாடு தழுவிய மக்கள் சமயமாக அல்லாமல், எண்ணக்கூடிய ஒரு கூட்டத்தின் சமயமாகத்தான் நினைத்திருக்கிறார் என்று கொள்ளலாம். யெகூவின் ஆட்சிக் காலமும் நமக்கு உறுதியாகத் தெரியும், ஏனென்றால் கி.மு. 841-இல் அவன் அசீரிய அரசன் மூன்றாம் சல்மனாசாருக்குக் கப்பம் கட்டியது அசீரியப் பதிவுகளில் இருக்கிறது.

இந்தக் கோயிலின் அடித்தளம் கிடைத்ததா என்றால், இல்லை. 1908 முதல் 1910 வரை ஹார்வர்டு பல்கலைக்கழகக் குழுவும், 1931 முதல் 1935 வரை ஜான் குரோஃபுட் தலைமையிலான கூட்டுக் குழுவும் அந்த மலையைத் தோண்டின. அரண்மனையின் சுவர்களும், மதில்களும், நேர்த்தியாகச் செதுக்கிப் பொருத்திய கல்வேலையும் கிடைத்தன. பாகால் கோயில் என்று அடையாளம் காட்டத்தக்க எதுவும் கிடைக்கவில்லை. இதை வைத்து அப்படியொரு கோயிலே இருக்கவில்லை என்று முடிவு கட்டுவது தவறு. பெரிய ஏரோது இந்த நகரத்தைச் செபஸ்தே என்று பெயர் மாற்றிப் புதுப்பித்தபோது, மலையுச்சியில் இஸ்ரவேல் அரசர்களின் கட்டடங்கள் இருந்த இடத்தின் மேலேயே ரோமப் பேரரசன் அகஸ்துவுக்கு ஒரு பெரிய கோயில் எழுப்பினான். அதன் அடித்தளத்துக்காகப் பழைய சுவர்கள் பாறை வரை பெயர்க்கப்பட்டன. அதோடு, யெகூ அதை இடித்துவிட்டான் என்றுதான் நூலும் சொல்கிறது. எனவே அகழாய்வின் மௌனம் இங்கே எந்தப் பக்கத்துக்கும் சான்று ஆகாது. அந்தப் பாகால் தீரு நகரத்தின் மெல்கார்த்தா, வானத்தின் பாகாலா என்பதும் இன்றுவரை தீராத விவாதம். "பாகால்" என்பது "ஆண்டவன், உடையவன்" என்ற பொதுச்சொல் ஆதலால், அந்தப் பட்டத்தை மட்டும் கொண்டு தீர்ப்புச் சொல்ல இயலாது.

இனி, தமிழ் வேதாகமம் வாசிப்பவர்களைத் தடுமாற வைக்கும் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆகாப் "ஒரு விக்கிரகத்தோப்பையும்" வைத்தான் என்று பழைய மொழிபெயர்ப்பில் வாசித்திருப்பீர்கள். என் வகுப்புகளில் அநேகமாக ஒவ்வொரு ஆண்டும் யாராவது ஒருவர், நகரத்துக்குள் தோப்பு எப்படி என்று கேட்பார். எபிரேயத்தில் அங்கே இருக்கும் சொல் அஷேரா. கிரேக்க, லத்தீன் மொழிபெயர்ப்பாளர்கள் அதைச் சோலை என்று கொண்டார்கள். அந்த வழக்கு ஐரோப்பிய மொழிகளின் வழியாகத் தமிழுக்கும் வந்து சேர்ந்தது. பிந்தைய மொழிபெயர்ப்புகள் சில அஷேராவின் பெயரையே தக்கவைத்துள்ளன. அஷேரா என்பது கானானியப் பெருந்தேவி ஒருத்தியின் பெயர். அவளைக் குறித்து நடப்பட்ட மரத்தாலான கம்பத்துக்கும் அதுவே பெயர். இதை அறிந்துகொண்டு 2 இராஜாக்கள் 13:6-க்கு வாருங்கள். யெகூவின் மகன் யோவாகாசின் காலத்திலும் சமாரியாவில் அந்த அஷேரா நின்றுகொண்டிருந்தது என்று அங்கே எழுதியிருக்கிறது. பாகாலின் கோயிலைத் தரைமட்டமாக்கி, அவன் பக்தர்களைக் கொன்று, இடத்தைத் தீட்டுப்படுத்திய யெகூ, அதே நகரத்தில் நின்ற அஷேராவைத் தொடவில்லை. இதற்கு எனக்குத் திருப்தி தரும் விளக்கம் ஒன்றுதான். அவன் கண்ணில் அது பாகாலுக்கு உரியதாக இருக்கவில்லை. யாவேயின் வழிபாட்டைச் சேர்ந்ததாகவே இருந்தது.

இது வெறும் ஊகம் என்று சொல்லிவிட முடியாதபடி ஒரு சான்று 1975–76-இல் கிடைத்தது. சீனாய் பாலைநிலத்தின் வடகிழக்கில், குந்திலெத் அஜ்ரூத் என்ற தனித்த குன்றின் மேல், கி.மு. 800-ஐ ஒட்டிய காலத்தில் வழிப்போக்கர் தங்கிய ஒரு கட்டடத்தை செயேவ் மெஷெல் அகழ்ந்தார். அங்கே ஆளுயரத்தில் பாதிக்கு மேல் இருக்கும் பெரிய சேமிப்புச் சாடிகள் உடைந்து கிடந்தன. அவற்றில் ஒன்றின் தோளில் மையால் எழுதிய வாழ்த்து ஒன்று உண்டு: "சமாரியாவின் யாவேயாலும் அவருடைய அஷேராவாலும் உங்களை வாழ்த்துகிறேன்." முதலில் "சமாரியா" என்ற சொல்லை "நம்மைக் காப்பவர்" என்று படித்தவர்களும் உண்டு, ஏனென்றால் எழுத்துகள் இரண்டுக்கும் இடம் தருகின்றன. ஆனால் அதே இடத்தில் "தேமானின் யாவே" என்ற தொடரும் கிடைத்தது. தேமான் தெற்கில் உள்ள ஒரு நிலப்பகுதி. ஒன்று இடப்பெயராக இருக்கும்போது மற்றொன்றும் இடப்பெயராக இருப்பதே முறை என்பதால், சமாரியா என்ற வாசிப்பு இன்று பொதுவாக ஏற்கப்பட்டிருக்கிறது. தலைநகரிலிருந்து பல நாள் பயணத் தொலைவில், யாரோ ஒரு சாதாரண எழுத்தர் தன் வாழ்த்தில் இப்படி எழுதியிருக்கிறார். அது யாரையும் பழிக்க எழுதியதல்ல, வாதத்துக்காக எழுதியதும் அல்ல. சமாரியாவில் யாவேக்கு ஒரு வழிபாட்டிடம் இருந்தது என்பதற்கும், அங்கே அவரோடு அஷேராவும் சேர்த்து நினைக்கப்பட்டது என்பதற்கும் இதைவிட நேரடியான சான்று எனக்குத் தெரியவில்லை.

ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. இந்த வாழ்த்தைக் காட்டி "கடவுளுக்கு மனைவி இருந்தாள்" என்று தலைப்பிட்டு எழுதுகிறவர்கள் சான்று தாங்குவதற்கு மேல் அதன்மேல் சுமை ஏற்றுகிறார்கள். எபிரேயத்தில் ஒருவரின் இயற்பெயரோடு "அவருடைய" என்ற விகுதி சேர்வது வழக்கமில்லை. எனவே "அவருடைய அஷேரா" என்பது தேவியைக் காட்டிலும் கோயிலில் நின்ற கம்பத்தைக் குறிப்பதே இலக்கணத்துக்கு இயைந்தது. அந்தக் கம்பத்துக்குள் வணங்கியவர்கள் ஒரு தேவியைக் கண்டார்களா, அல்லது யாவேயின் அருளின் அடையாளத்தை மட்டும் கண்டார்களா என்பதில் அறிஞர்கள் பிரிந்து நிற்கிறார்கள். அதே சாடியில் எழுத்தை ஒட்டி வரையப்பட்டுள்ள இரண்டு உருவங்களை யாவேயும் அஷேராவும் என்று சொல்வதும் எனக்கு உடன்பாடானதல்ல. அவை எகிப்தின் பேஸ் என்ற காவல் தெய்வத்தின் சாயலில் உள்ளன, வேறொரு கையால் வேறொரு சமயத்தில் வரையப்பட்டவையாகவும் தோன்றுகின்றன.

இப்போது உங்கள் கன்றுக்குட்டிக்கு வருகிறேன். ஓசியா 8-ஆம் அதிகாரம், 5, 6 வசனங்களில் சமாரியாவை விளித்து "உன் கன்றுக்குட்டி" என்று சொல்லி, அது தட்டான் செய்தது, தேவன் அல்ல, அது துண்டு துண்டாகும் என்கிறது. இதை மட்டும் வாசித்தால் சிலை நகரத்துக்குள் நின்றது போலத்தான் தோன்றும். ஆனால் 10:5-இல் அதே தீர்க்கதரிசி, சமாரியாவின் குடிகள் பெத்தாவேனின் கன்றுக்குட்டியைக் குறித்துக் கலங்குவார்கள் என்கிறார். பெத்தேல் என்றால் "தேவனுடைய வீடு"; பெத்தாவேன், அதாவது "அக்கிரமத்தின் வீடு", பெத்தேலுக்கு அவர் சூட்டிய இழிபெயர். கலங்குகிறவர்கள் சமாரியாவில், கன்று பெத்தேலில். வடநாட்டின் முதல் அரசனான முதலாம் யெரொபெயாம் பொன் கன்றுகளை வைத்த இடங்கள் பெத்தேலும் தாணும் என்று இராஜாக்களின் நூலும் சொல்கிறது. சமாரியாவில் எந்த அரசன் செய்த குற்றத்தையும் விடாமல் எழுதும் அந்த நூல், அந்த நகரத்தில் ஒரு கன்று இருந்ததாக ஓரிடத்திலும் சொல்லவில்லை. ஆகவே "சமாரியாவின் கன்றுக்குட்டி" என்பது தலைநகரின் பெயரால் அரசையே சுட்டி, அந்த அரசு ஆதரித்த கன்று என்று சொல்வதாகக் கொள்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. நகருக்குள்ளும் ஒரு கன்று இருந்தது என்று கருதுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் ஆமோஸ் தீர்க்கதரிசியின் நூலில் 8:14-இல் வரும் "சமாரியாவின் குற்றம்" என்ற தொடரையும் துணைக்கு அழைப்பார்கள். அந்தச் சொல்லை அஷிமா என்ற தெய்வப் பெயராகத் திருத்தி வாசிப்பவர்களும் உண்டு. அந்த ஒரு சொல்லின்மேல் எதையும் கட்டி எழுப்ப நான் துணிய மாட்டேன்.

கன்றை அவர்கள் எதற்காக வைத்தார்கள் என்பது இதைவிட முக்கியமானது. பண்டைய சிரியாவிலும் கானானிலும் இடிமழைத் தெய்வம் ஒரு காளையின் முதுகில் நிற்பதாகச் செதுக்கும் மரபு இருந்தது. காளை தெய்வத்தின் ஊர்தி அல்லது பீடம். யெரொபெயாமின் கன்றுகளும் கண்ணுக்குத் தெரியாத யாவே நிற்பதற்கான பீடங்களே, எருசலேம் கோயிலில் கேருபீன்கள் என்ற சிறகுள்ள காவல் உருவங்கள் இருந்தது போல, என்று கடந்த நூற்றாண்டில் வலுவாக வாதிடப்பட்டது. "உங்களை எகிப்திலிருந்து வரப்பண்ணினவர்" என்று அவன் மக்களுக்கு அறிமுகப்படுத்தியது யாவேயைத்தான் என்பதால் இந்த விளக்கத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் பீடத்துக்கும் தெய்வத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பூசாரி அறிந்திருக்கலாம். காணிக்கையோடு வந்து நின்ற உழவனும் அறிந்திருந்தான் என்று சொல்வதற்கில்லை. கன்றுக்குட்டிகளை மனிதர் முத்தமிடுகிறார்கள் என்ற ஓசியாவின் சொல்லில் (13:2) அந்த உழவனின் உதடுகளை நான் காண்கிறேன். பெத்தேலிலோ தாணிலோ பொன் கன்று எதுவும் கிடைக்கவில்லை. தாணில் அவ்ராஹாம் பிரான் 1966-இல் தொடங்கி நடத்திய அகழாய்வில் கன்று நின்றிருக்கக்கூடிய மேடை கிடைத்தது, கன்று இல்லை. ஆனால் சமாரியாவின் வடக்குக் குன்றுகளில், இந்த அரசுகள் தோன்றுவதற்கு முன், கி.மு. பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு திறந்தவெளி வழிபாட்டிடத்தில், சுமார் 18 சென்டிமீட்டர் நீளமுள்ள வெண்கலக் காளை ஒன்று கிடைத்திருக்கிறது. அமிஹாய் மசார் அதை ஆராய்ந்து வெளியிட்டார். யெரொபெயாம் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை, மலைநாட்டு மக்களின் பழைய பக்தியைத்தான் அரசு மயமாக்கினான் என்று எண்ண அந்தச் சிறு காளை இடம் தருகிறது.

மண்ணிலிருந்து கிடைத்தவற்றில் எனக்கு மிகவும் நெருக்கமானவை வேறு. 1910-இல் ஹார்வர்டு குழு அரண்மனையை ஒட்டிய ஒரு கட்டடத்தில், மையால் எழுதிய பானை ஓடுகள் நூற்றுக்கும் மேற்பட்டவற்றைக் கண்டெடுத்தது. இவை கி.மு. எட்டாம் நூற்றாண்டின் முற்பாதியைச் சேர்ந்த கணக்குச் சீட்டுகள். ஒன்றில் இப்படி இருக்கிறது: "பத்தாம் ஆண்டில், ஹசேரோத்திலிருந்து, கத்தியாவுக்கு, ஒரு ஜாடி கழுவிய எண்ணெய்." எந்த ஊரிலிருந்து, யாருக்கு, எத்தனை ஜாடி என்பதற்கு மேல் அவற்றில் ஒன்றும் இல்லை. எழுதியவருக்குச் சமயத்தைப் பற்றிச் சொல்லும் நோக்கமே இல்லை. அதனாலேயே அந்த ஓடுகளில் வரும் பெயர்கள் மதிப்புள்ளவை. கத்தியாவ், ஷெமரியாவ் என்று யாவேயின் பெயரில் முடிபவர்கள் பலர். அபிபாகால், மெரிபாகால் என்று பாகாலின் பெயரைத் தாங்கியவர்கள் அவர்களைவிடக் குறைவு என்றாலும், புறக்கணிக்கத்தக்க சிறுபான்மை அல்ல. யூதாவின் இலாகீசிலும் ஆராத்திலும் கிடைத்த பிற்கால ஓடுகளில் இப்படிப்பட்ட பெயர்களைத் தேடிப் பாருங்கள், யாவேயின் பெயர்கள்தான் நிறைந்திருக்கும். சமாரியாவின் 41-ஆம் ஓட்டில் ஒரு பெயர் இருக்கிறது: எகெல்யாவ். எகெல் என்றால் கன்று அல்லது இளங்காளை. "யாவேயின் கன்று" என்றும் "யாவே ஓர் இளங்காளை" என்றும் அதைப் பொருள் கொள்ளலாம். ஓசியா எந்தக் கன்றைத் துண்டு துண்டாகும் என்று சபித்தாரோ அந்தச் சொல்லையே, ஏறத்தாழ அவர் வாழ்ந்த காலத்தில், ஒரு தாயும் தகப்பனும் தங்கள் பிள்ளைக்கு ஆசையோடு பெயராக இட்டிருக்கிறார்கள்.

பாகால் பெயர்களை வைத்து மக்களில் பாதிப்பேர் வேறொரு தெய்வத்தை வணங்கினார்கள் என்று கணக்கிடுவது சரியல்ல என்பதையும் சொல்ல வேண்டும். பெயர் பிள்ளையின் பக்தியைக் காட்டுவதில்லை, பெற்றோரின் வழக்கத்தைக் காட்டுகிறது. அதைவிட முக்கியமாக, "பாகால்" என்ற பட்டத்தை யாவேக்கே சூட்டியவர்கள் வடநாட்டில் இருந்தார்கள். இதற்கு ஓசியாவே சாட்சி. இனிமேல் நீ என்னைப் பாகாலி என்று சொல்லாமல் ஈஷி என்று சொல்லுவாய் என்று 2:16-இல் யாவே கூறுகிறார். இரண்டுக்கும் "என் கணவன்" என்றே பொருள். முன்னதில் "என் எஜமானன்" என்ற தொனி இருக்கிறது. மக்கள் யாவேயை அப்படி அழைத்துக்கொண்டிருந்தால்தானே இனி அழைக்காதே என்று சொல்ல வேண்டியிருக்கும்? ஆகையால் அபிபாகால் என்ற பெயருடையவனின் தகப்பன் யேசபேலின் தெய்வத்தை நினைத்தானா, யாவேயை நினைத்தானா என்பதை அந்த ஓடு நமக்குச் சொல்லாது.

குரோஃபுட்டின் குழு கண்டெடுத்த தந்தச் சிற்பங்களையும் சிலர் சிலை வழிபாட்டுக்குச் சான்றாகக் காட்டுவதுண்டு. தாமரை மலரின் மேல் அமர்ந்து வாயில் விரல் வைத்த குழந்தை ஹோரஸ், இறகு விரித்த தேவியர், மனிதத் தலை கொண்ட சிங்கங்கள் என்று எகிப்தியத் தெய்வ உருவங்கள் அவற்றில் நிறைய உண்டு. பீனீசிய மரபுக் கைவேலை. உள்ளங்கைக்குள் அடங்கும் அந்தத் துண்டுகளில் சிலவற்றில் பொன் தகடும் வண்ணக் கண்ணாடியும் பதித்த குழிகள் இன்றும் தெரிகின்றன. ஆனால் இவை கட்டில்களிலும் நாற்காலிகளிலும் பதித்த அலங்காரங்கள். தந்தக் கட்டில்களில் படுத்திருப்பவர்களை ஆமோஸ் கண்டித்தபோது அவர்களுடைய செல்வச் செருக்கைத்தான் கண்டித்தார். அந்தக் கட்டில்களில் உள்ள தெய்வ உருவங்களை அவர் பேசவே இல்லை.

நகரம் கி.மு. 722-ஐ ஒட்டி அசீரியரிடம் வீழ்ந்தது. இரண்டாம் சர்கோன் தன் வெற்றியைப் பதித்த களிமண் பட்டகம் ஒன்று நிம்ரூதில் கிடைத்திருக்கிறது. சமாரியாவிலிருந்து 27,280 பேரையும், அவர்களுடைய தேர்களையும், அவர்கள் நம்பியிருந்த தெய்வங்களையும் கொள்ளையாகக் கணக்கிட்டேன் என்று அதில் அவன் சொல்கிறான். "தெய்வங்கள்" என்று பன்மையில் இருக்கிறது. நகரத்தில் எடுத்துச் செல்லக்கூடிய தெய்வ உருவங்கள் இருந்தன என்பதற்கு எருசலேமோடு தொடர்பே இல்லாத ஒரு சாட்சி இது என்று கருதப்படுகிறது, நானும் அப்படியே சாய்கிறேன். எனினும் தோற்ற நகரங்களைப் பற்றி அசீரிய எழுத்தர்கள் வழக்கமாகக் கையாளும் வாய்பாடு இது என்ற மறுப்பும் உண்டு. அந்த வாய்பாட்டை அவர்கள் எல்லா நகரங்களுக்கும் ஒரே மாதிரி எழுதவில்லை என்பதுதான் என் பதில்.

"எருசலேம்காரர்களின் பழியா?" என்ற உங்கள் ஐயத்துக்கும் இப்போது விடை சொல்லலாம். இராஜாக்களின் நூல் யூதாவில் வடிவம் பெற்றது, சமாரியா வீழ்ந்து நூறு ஆண்டுகளுக்கும் மேலான பின்பு. எருசலேமில் மட்டுமே பலியிட வேண்டும் என்ற அளவுகோலால் அது வடநாட்டு அரசர் அனைவரையும் அளக்கிறது. அந்த அளவுகோல் ஆகாபின் காலத்தில் இருந்ததாகச் சொல்ல முடியாது. ஆகவே அதன் தீர்ப்புகளை அப்படியே வரலாறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் ஓசியா வடநாட்டைச் சேர்ந்தவர். அவருடைய எபிரேயத்திலேயே வடக்கின் சாயல் இருக்கிறது. நகரம் வீழ்வதற்கு முன்னரே பேசியவர். அவருடைய கோபம் தன் சொந்த நாட்டின் மேல் கொண்ட கோபம். அவருடைய நூல் பின்னாளில் யூதாவில் திருத்தம் பெற்றது உண்மை என்றாலும், கன்றைப் பற்றிய அந்தக் குமுறல் அயலானின் ஏளனம் அல்ல.

இறுதியாக ஒரு குழப்பத்தைத் தவிர்க்க வேண்டும். 2 இராஜாக்கள் 17-ஆம் அதிகாரம், அசீரியர் பாபிலோன், கூத்தா, ஆமாத் முதலிய இடங்களிலிருந்து குடியேற்றியவர்கள் நேர்கால் முதலான தங்கள் தெய்வங்களையும் வைத்துக்கொண்டு யாவேக்கும் பயந்தார்கள் என்கிறது. இதைக் கொண்டு, நற்செய்தி நூல்களில் வரும் சமாரியரை விக்கிரக வழிபாட்டினரின் வழித்தோன்றல்கள் என்று பிரசங்கங்களில் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். கேட்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கும். அந்தச் சமாரியர் மோசேயின் ஐந்து நூல்களை மட்டும் வேதமாகக் கொண்டு, கெரிசீம் மலையில் யாவேயை வணங்கியவர்கள். அவர்களில் சில நூறு பேர் இன்றும் அந்த மலையில் பஸ்காவைப் பலியிட்டு ஆசரிக்கிறார்கள். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் அங்கே எழுந்த அவர்களுடைய கோயிலை இட்ஸ்ஹாக் மாகென் பல ஆண்டுகள் அகழ்ந்தார். பலியிட்ட விலங்குகளின் எரிந்த எலும்புகள் குவியலாகக் கிடைத்தன, காணிக்கை கொடுத்தவர்களின் பெயர் பொறித்த கற்கள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. வணங்குவதற்கென்று செய்த உருவம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.